ஈ வருது

முதல் தடவை அந்த அம்மாள் போனில் “ஈ வருதும்மா” என்று சொன்னபோது, “வந்தா விரட்டி விடுங்க மேடம், அதுக்குப் போயி என்னத்துக்கு கம்பெனிக்கு போன் போடுதீங்க?” என்று பவுன் கேட்டுவிட்டாள்.

“விரட்டினா போகலியே. உள்ளேர்ந்துல்ல வருது” என்றது மறுமுனைக் குரல்.

“உள்ளருந்தா? எத்தன ஈ?”

“ஒரு ஈதான். கூட மூணு.”

“அப்ப நாலு.”

“நாலு இல்லம்மா, மூணு! ஈ மூணு, ஈ மூணுன்னு செவப்பா மின்னுது. கீங் கீங்னு கத்துது. அடுப்பு சுட மாட்டேங்குது. நீ தமிழ்ப் பொண்ணுதானே, நான் சொல்றது புரியலியா?”

புரிந்ததும் பவுன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இண்டக்‌ஷன் அடுப்பு கெட்டுப்போனால், எங்கே கோளாறு என்று அதுவே ஓர் எழுத்தும் ஓர் எண்ணுமாகக் காட்டிவிடும். அந்த எழுத்து ஆங்கிலத்து E. இந்திக்காரர்களும் மராத்திக்காரர்களும் சொல்லி நூறு தடவை கேட்டிருக்கிறாள். சொந்த பாஷையில் ஒருத்தி சொன்னதும் அது இறக்கை முளைத்துப் பறந்துவிட்டது.

பவுனுக்கு இருபத்து நாலு வயது. ஊர் கோவில்பட்டிப் பக்கம். அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் பட்டம் விட்டவர்கள் உண்டு, வாங்கியவர்கள் இல்லை. எலக்ட்ரிகல் படித்துவிட்டுப் பூனாவுக்கு வந்து, போசரியில் அடுப்பும் மிக்சியும் செய்கிற ஒரு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் வேலை கேட்டபோது, ரிசப்ஷனில் உட்கார்ந்து போன் எடுக்கச் சொன்னார்கள். பெண்ணுக்கு அதுதான் சவுகரியமாம். போன் எடுப்பதற்கு யாராவது நாலு வருஷம் சர்க்யூட் படிப்பார்களா என்று தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டாள். அந்த இந்தியில் மரியாதை கிடையாது. அந்தப் பாடம் வரைக்கும் அவள் இன்னும் போயிருக்கவில்லை. கோபத்தில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். கோபமும் இருந்தது. கடைசியில் சால்டரிங் அயர்னும் ஒரு மேசையும் கொடுத்தார்கள். ஆனாலும், போனில் யாராவது தமிழ் பேசினால் மேனேஜர் தாப்கீர் ரிசீவரை அவள் பக்கம் நீட்டுவதை மட்டும் விடவில்லை.

இப்படித்தான் அந்த ஈ அம்மாள், மங்கையர்க்கரசி, அவள் தலையில் விழுந்தாள்.

அவள் வீடு பூனாவின் கேம்ப் பகுதியில், சர்ச்சுக்குப் பின்னால் பழைய கட்டடம், மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. முதல் நாள் பவுன் டூல் பையோடு போய் மணியடித்தாள். கதவைத் திறந்த மங்கையர்க்கரசி அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“மெக்கானிக் எங்கம்மா? கீழ வண்டிய நிறுத்துறாரா?”

“நான்தான் மெக்கானிக்கு.”

“அரே தேவா! வா, வா. பூனாவுக்கு வந்து முப்பத்தாறு வருஷத்துல இப்பத்தான் ஒரு நல்ல மெக்கானிக்கப் பாக்கறேன்.”

“நான் இன்னும் ஒண்ணுமே செய்யலயே மேடம்.”

“வாசல்லயே செருப்பக் கழட்டினியே, அது போதும். மேடம்னு சொல்லாத, என்னமோ பேங்குல க்யூவுல நிக்கற மாதிரி இருக்கு.”

பவுனுக்கு யாரையும் அவ்வளவு சுலபமாகப் பிடிக்காது. இந்த அம்மாளைப் பிடித்துவிட்டது. அதை முகத்தில் காட்டாமல் அடுப்பைத் திருப்பிப் போட்டாள்.

அந்த வீட்டில் வேறு அடுப்பு இல்லை. இருக்கவும் கூடாது. உள்ளறையில், கட்டிலில் சாய்ந்தபடி மங்கையர்க்கரசியின் கணவர் ஜம்புநாதன் இருந்தார். கிர்க்கியில் ஃபேக்டரி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் முக்கால்வாசி போய்விட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் ஒன்று ‘புஸ்… டக்’, ‘புஸ்… டக்’ என்று மூச்சை அளந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். மூக்கில் குழாய். அந்த மெஷின் ஓடுகிற வீட்டில் ஒரு தீக்குச்சி கூடக் கிழிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே மங்கையர்க்கரசி கேஸ் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சாமி விளக்குக்கு பேட்டரி பல்பு. சமையலுக்கு இண்டக்‌ஷன். ஜம்புநாதனுக்கு மூச்சுக்கு மூன்று வார்த்தைதான் கிடைக்கும். அதனால் அவர் வீண் பேச்சுப் பேசுவதில்லை.

முதல் தடவை பவுன் வீட்டு மின்சாரத்தை அளந்தாள். இருநூற்று முப்பத்தாறு வோல்ட். ஒரு குறையும் இல்லை. E3 என்றால் ‘வோல்ட்டேஜ் அளவுக்கு மேல் வருகிறது’ என்று அர்த்தம். அளவோடு வருகிற மின்சாரத்தைப் பார்த்து அடுப்பு ஏன் பயப்படுகிறது? வாடிக்கையாளர் வீட்டில் அடுப்பைத் திறக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. போசரிக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தால் சமர்த்தாகச் சுட்டது. “போர்டை மாத்து, கொடுத்துடு” என்றார் தாப்கீர். மாற்றிக் கொடுத்தாள். இரண்டு வாரத்தில் மறுபடி E3. மறுபடி போசரி, மறுபடி சமர்த்து, மறுபடி புதுப் போர்டு. அந்த நாட்களில் மங்கையர்க்கரசி அடுத்த வீட்டு ரோஹிணியின் சமையலறையில் போய் நின்று கஞ்சி வைத்துக்கொண்டு வந்தாள்.

மூன்றாவது தடவை, மார்ச் மாதத்தில் ஒரு காலை, போனில் ஒரே ஓர் எழுத்துதான் வந்தது.

“ஈ.”

“வாரேன்” என்று வைத்துவிட்டாள் பவுன்.

படியேறும்போது பழைய இரண்டு ரிப்பேர்களின் ஜாப் கார்டுகளையும் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே ஏறினாள். இரண்டாவது மாடியில் நின்றுவிட்டாள். முதல் தடவை சனிக்கிழமை. இரண்டாம் தடவையும் சனிக்கிழமை. இன்றும் சனிக்கிழமை.

அடுப்புக்குக் கிழமை தெரியுமா?

யோசித்துக்கொண்டே உள்ளே போனவள், சமையலறையைப் பார்த்ததும் யோசனை எல்லாம் பறந்துவிட்டது. மேடைமேல் ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பு. கீழே குட்டி சிலிண்டர்.

“இது என்ன?”

“ரோஹிணி குடுத்தா. அவங்க வீட்டப் பூட்டிக்கிட்டு எல்லாரும் சாயங்காலம் வரைக்கும் வெளிய போறாங்க. ஒரே ஒரு கஞ்சிதான் பவுனு. அவர் ரூம் கதவச் சாத்திட்டு, இங்க ஜன்னலத் தொறந்து வெச்சு…”

“கதவச் சாத்துனா காத்து அங்கனயே நின்னுருமா? அறிவிருக்கா உங்களுக்கு?”

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை என்று பவுனுக்கே தெரிந்தது. திரும்ப எடுக்கத் தெரியாது அவளுக்கு. முகத்தை இன்னும் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள்.

மங்கையர்க்கரசி அசரவில்லை. “அறிவு இருக்கு. கஞ்சிதான் இல்ல. ஆறு மணிலேர்ந்து அந்த மனுஷன் மாத்திரையக் கையில வெச்சுக்கிட்டு வெறும் வயித்தோட உக்காந்திருக்கார். கடைச் சாப்பாட்ல உப்பு. தின்னா கால் வீங்கும். என்னைத் திட்டறதுக்கு முன்னாடி அடுப்பத் திட்டு. பத்து மணிக்குள்ள அது சுடலன்னா நான் இதப் பத்த வெச்சிருவேன். சொல்லிட்டேன்.”

சுவரில் மணி ஒன்பது பத்து.

“லைட்டரக் குடுங்க.”

“எதுக்கு?”

“எங்கிட்ட இருக்கட்டும்.”

“தீப்பெட்டி இருக்கே என்கிட்ட.”

“அதையும் குடுங்க.”

மங்கையர்க்கரசி இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை வாத்தியாரிடம் கொடுப்பதுபோல் கொடுத்தாள். பவுன் அதைத் திருப்பிப் பார்த்தாள். ‘கோவில்பட்டி’ என்று போட்டிருந்தது. ஊரில் அவள் அம்மா ஒட்டின பெட்டியாகக்கூட இருக்கலாம். ஆயிரம் மைல் தாண்டி வந்து இங்கே கொளுத்தப் பார்க்கிறதா என்று அதன்மேலும் கோபப்பட்டுவிட்டு, பையில் போட்டுக்கொண்டாள்.

அப்புறம் ஒரு வேலை செய்தாள். அடுப்பை மேடையில் குப்புறப் போட்டு, கம்பெனி விதியையும் அதோடு குப்புறப் போட்டு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். போசரிக்குப் போனால் இது நடித்து ஏமாற்றும். ஸ்கூட்டரில் பதினஞ்சு கிலோமீட்டர் குலுங்கினால் உள்ளே எது இருந்தாலும் உதிர்ந்துவிடும். இங்கேயே, கோளாறு சூடாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும்.

ஆறு ஸ்க்ரூ. மேல் கண்ணாடியைத் தூக்கினாள். நடுவில் கொசுவர்த்திபோலச் சுருண்ட செம்புக் கம்பி. ஓரத்தில் காற்றாடி. அதன் பக்கத்தில் பச்சை போர்டு. போர்டின்மேல் பனி பெய்த மாதிரி வெள்ளையாக ஒரு பொடி. டார்ச்சை அடித்தாள்.

மின்சாரம் நுழைகிற மூலையில், கடுகைவிடச் சின்னதாக வரிசையாக நிற்கிற இரண்டு ரெசிஸ்டர். உள்ளே வருகிற இருநூற்றுச் சொச்சம் வோல்ட்டையும் மூளைச் சிப்பு தாங்கும்படி குறைத்துக் காட்டுகிற காவல்காரர்கள் அவை. அந்த இரண்டின் மேலும் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

எறும்பு. ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பாலம் போட்டதுபோல் ஒன்றின்மேல் ஒன்றாகச் செத்துக் கிடந்தன. செத்தவனைத் தூக்க வந்தவனும் செத்திருந்தான். அவனைத் தேடி வந்தவனும். காவல்காரர்களைத் தாண்டி, அந்தப் பாலம் வழியாக மின்சாரம் நேராக மூளைக்குப் போய்விட்டது. வோல்ட்டேஜ் எகிறுகிறது என்று மூளை அலறியதில் ஒரு தப்பும் இல்லை.

“ஈ இல்லம்மா. எறும்பு.”

“எறும்பா?” மங்கையர்க்கரசி குனிந்து பார்த்தாள். “ஐயோ பாவம்.”

“பாவமா? மூணு போர்டத் தின்னுருக்கு! அது எதுக்கு இதுக்குள்ள போகுது? என்னத்த வச்சிருக்கீங்க உள்ள? இந்த வெள்ளப் பொடி என்னது?”

“எனக்கென்ன தெரியும், நீதான் இன்ஜினியர்.”

உள்ளறையிலிருந்து ஜம்புநாதன் குரல் கொடுத்தார். “அரசி…”

அவர் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார். “இதோ வரேங்க” என்றாள் மங்கையர்க்கரசி. “பவுனு எறும்பக் கண்டுபிடிச்சிட்டா.”

புஸ்… டக்.

“அரசி…”

“வரேங்கறேன்ல! கொஞ்சம் பொறுங்களேன், தண்ணி வேணுமா?”

புஸ்… டக். அந்தப் பக்கம் மூச்சைச் சேர்த்துக்கொள்வது கேட்டது.

“நீ இல்ல. அரிசி. மாவு.”

பவுன் விரல் நுனியில் பொடியைத் தொட்டு, கொஞ்சம் யோசித்து, நாக்கில் வைத்தாள். பச்சரிசி மாவு.

திரும்பிப் பார்த்தாள். மங்கையர்க்கரசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“என்ன செஞ்சீங்க?”

“ஒண்ணும் செய்யல.”

“அம்மா.”

“கோலம்தான் போட்டேன்.”

“எதுல?”

“அடுப்புலதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுப்பத் தொடச்சு, நாலு இழை கோலம் போடுவேன். சனிக்கிழமை காலம்பர துணியால வழிச்சுத் தள்ளிட்டு ஆன் பண்ணுவேன். இது ஒரு தப்பா?”

அடுப்பின் அடியில் காற்று உறிஞ்சுகிற ஓட்டைகள். வழித்துத் தள்ளின மாவு கீழே விழும். சுவிட்சைப் போட்டதும் காற்றாடி அதை உள்ளே இழுத்துப் போர்டில் தூவும். மாவு போன வழியில் எறும்பு போகும். சனிக்கிழமைக் கணக்கு சரியாகிவிட்டது.

“கோலத்த வாசல்ல போட வேண்டியதுதான?”

“வாசல்ல போடக் கூடாதுன்னு பில்டிங் சொஸைட்டி செக்ரெட்டரி நோட்டீஸ் ஒட்டியிருக்கான்.”

“ஏன்?”

மங்கையர்க்கரசி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “எறும்பு வருதாம்.”

பவுனுக்குச் சிரிப்பு வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, “செக்ரெட்டரிக்கு இருக்க அறிவு…” என்று ஆரம்பித்தவள், இந்தத் தடவை பாதியிலேயே நிறுத்தினாள். “இனிமே அடுப்புல மாவு போடக் கூடாது. கெமிக்கல் கோலப்பொடி விக்குல்லா, அத வாங்கிப் போடுங்க. இல்ல சாக்பீஸ்ல போடுங்க.”

“சாக்பீஸ எறும்பு திங்குமா?”

“எறும்பு திங்கக் கூடாதுங்கதுக்குத்தான சொல்லுதேன்!”

“எறும்பு திங்கத்தானே கோலமே போடறது? அப்பறம் எதுக்கு அது?” மங்கையர்க்கரசியின் குரல் முதல் தடவையாக இறங்கியது. “நீ கோவிச்சுக்காத பவுனு. இந்த அடுப்புல தீ இல்ல. கண்ணாடி. மேல பாத்தா டிவி மாதிரி இருக்கு. இதுல சமைச்சு அந்த மனுஷனுக்குக் குடுத்துக்கிட்டே இருக்கேன், ஆனா அடுப்பு முன்னாடி நிக்கற மாதிரியே இல்ல. வெளக்குலயும் தீ இல்ல, அடுப்புலயும் தீ இல்ல. ஒரு கோலத்தப் போட்டுப் பாத்தேன். அப்பறம்தான் அடுப்புன்னு ஆச்சு.”

பதில் தெரியாதபோது பவுனுக்குக் கோபம் வரும். இந்தத் தடவை யார்மேல் கோபப்படுவது என்று தேடினாள். எறும்பைத் தவிர யாரும் அகப்படவில்லை. அதுவும் செத்துக் கிடந்தது.

விடுவிடுவென்று உள்ளறை வாசலுக்குப் போனாள்.

“ஐயா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

ஜம்புநாதன் தலையாட்டினார்.

“எப்படி?”

அவர் விரலால் சுவரைக் காட்டினார். கட்டிலுக்கு எதிரே, ஜன்னல் மூலையிலிருந்து சமையலறைக் கதவு வரைக்கும் நூல் பிடித்ததுபோல் ஓர் எறும்பு வரிசை. “தினம் பாப்பேன்,” என்றார். புஸ்… டக். “வெள்ளிக்கிழமை கூட்டம் ஜாஸ்தி.”

“அப்ப மூணு மாசமா என்னத்துக்குச் சொல்லாம இருந்தீங்க?”

“யாரும் கேக்கலியே.” புஸ்… டக். கண்ணில் குறும்பு தெரிந்தது. “தவிர, அவ அதுங்களுக்குத்தானே… போடறா. விருந்தாளிய… காட்டிக் குடுப்பாங்களா?”

“உங்க விருந்தாளி உங்க கஞ்சியில மண்ணள்ளிப் போட்டுருச்சு.”

ஜம்புநாதன் சிரிக்கப் பார்த்து இருமினார். மங்கையர்க்கரசி ஓடி வந்து முதுகைத் தடவினாள். “பஸ், பஸ், போதும், சிரிக்க வேணாம். ஏண்டி பவுனு, அவர சிரிக்க வெக்காத, உனக்குப் புண்ணியமாப் போகும்.”

மணி ஒன்பது முப்பத்தஞ்சு.

பவுன் ஸ்பிரிட்டும் பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷும் எடுத்து, போர்டை ஓரம் ஓரமாகத் தேய்த்தாள். எறும்புகளை ஒரு காகிதத்தில் வழித்தாள். மீட்டரை வைத்து ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக அளந்தாள். நல்ல வேளை, உயிரோடு இருந்தன. ஆனால் சுத்தம் செய்தால் மட்டும் போதாது. கோலத்தை நிறுத்தினாலும், வழி தெரிந்த எறும்பு நாளைக்கும் வரும். அந்த மூலைக்கு மேலே ஏதாவது பூச வேண்டும். பூச்சுத் திரவம் போசரியில் இருந்தது. அதற்குப் போய் வர ஒரு மணி நேரம்.

“நெயில் பாலிஷ் இருக்கா?”

“எங்கிட்டயா? இந்த வயசுல?” என்றவள், சட்டென்று பால்கனிப் பக்கம் ஓடி, கீழே வண்டி எடுக்கப் போன ரோஹிணியை மராத்தியில் கூப்பிட்டாள். என்ன சொன்னாளோ, ரோஹிணி மூன்று மாடி திரும்ப ஏறி வந்து, நிறமில்லாத ஒரு பாட்டிலைக் கொடுத்துவிட்டு, பவுனின் கறுத்த நகங்களைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

தன் நகத்துக்கு ஒரு நாளும் பூசியிராத பவுன், நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு, அந்தக் குட்டி ரெசிஸ்டர்களுக்கும் அவற்றைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு இடத்துக்கும் இரண்டு கை பூசினாள். காயட்டும் என்று டேபிள் ஃபேன் முன்னால் வைத்தாள்.

“பழைய சல்லடை ஏதாவது இருக்கா?”

“மாவு சலிக்கறது ஒண்ணு ஓரம் கிழிஞ்சு கெடக்கு.”

“அதான் வேணும்.” வலையை வெட்டி, அடுப்பின் அடியில் காற்று போகிற ஓட்டைகளுக்குமேல் வைத்து ஒட்டினாள். “வாராவாரம் இதத் தொடைக்கணும். தூசி அடைச்சா அடுப்பு மூச்சு முட்டிப் போகும். ஐயாவுக்கு மெஷின்ல ஃபில்டர் தொடைக்கீங்கல்லா, அது மாதிரி.”

“அப்படிச் சொன்னா புரியுது.”

பத்து மணிக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது ஆறாவது ஸ்க்ரூவை முறுக்கினாள். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து சுவிட்சைப் போட்டாள். ‘கீங்’ என்றது. இரண்டு பேரும் மூச்சை நிறுத்திக்கொண்டார்கள். உள்ளே மெஷின் மட்டும் நிறுத்தவில்லை. அடுப்பு ஒரு தடவை கத்தியதோடு சரி. காற்றாடி சுற்றியது, சிவப்பில் எழுத்து எதுவும் வராமல் வெறும் எண் வந்தது. தண்ணீர் முணுமுணுக்க ஆரம்பித்தது.

“அரே தேவா” என்று மங்கையர்க்கரசி அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். நெயில் பாலிஷ் வாடையோடு பவுன் விறைப்பாக நின்றாள்.

கஞ்சி கொதிக்கும்போதே பவுன் கம்பெனிக்கு போன் போட்டாள். வீட்டிலேயே திறந்துவிட்டதைத் தானே சொன்னாள். தாப்கீர் கத்தி முடிக்கும்வரை காத்திருந்து, கண்டுபிடித்ததையும் சொன்னாள். “கீடா ஹை? தோ கீடா லிக்கோ” என்றார் அவர். பூச்சி என்றால் பூச்சி என்று எழுது, கதை முடிந்தது. முடியும்தான். கார்டில் ‘பூச்சி’ என்று டிக் அடித்தால் வாடிக்கையாளர் தப்பு என்று அர்த்தம். அதற்கப்புறம் அந்த அடுப்பைக் கம்பெனி தொடாது. மேடைமேல் ஒற்றை பர்னர் அடுப்பு இன்னும் உட்கார்ந்திருந்தது.

பவுன் ‘இதர காரணம்’ என்ற கட்டத்தில் எழுதினாள்: ‘போர்டில் அதிக வோல்ட்டேஜ் வருகிற இடத்துக்குப் பூச்சு இல்லை. காற்று வழிக்கு வலை இல்லை. எறும்பு போக வழி விட்டது நாம். போனது எறும்பின் தப்பும் இல்லை, வாடிக்கையாளர் தப்பும் இல்லை.’ படம் எடுத்து அனுப்பினாள்.

உடனே போன் வந்தது. “நீ யார் பக்கம்?” என்று இந்தியில் கேட்டார் தாப்கீர்.

“அடுப்பு பக்கம்” என்றாள் அவள், அதே மரியாதையில்லாத இந்தியில்.

அவர் வைத்துவிட்டார். என்ன நடக்கும் என்று தெரியவில்லை. ரோஹிணியின் கேஸ் அடுப்பையும் சிலிண்டரையும் பவுனே தூக்கிக்கொண்டுபோய்க் கீழே வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள். தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை அவள் மேசைமேல் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே பன்னிரண்டு பாட்டில் பூச்சுத் திரவமும், வட்டமாக வெட்டின வலையும். தாப்கீர் அந்தப் பக்கமே பார்க்காமல் டீ குடித்துக்கொண்டிருந்தார். ‘இனி எல்லா போர்டுக்கும்’ என்று பெட்டிமேல் மராத்தியில் எழுதியிருந்தது. பவுன் அன்றைக்கு அவருடைய டீ கப்பையும் சேர்த்துக் கழுவி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், யாரும் கூப்பிடாமல், கேம்ப்பில் மூன்று மாடி ஏறினாள். கையில் செய்தித்தாளில் சுற்றின ஒரு கனமான சாமான்.

“என்னடி இது, அடுப்பு நல்லாத்தானே இருக்கு?”

“நெயில் பாலிஷ சொரண்டிட்டு நல்ல பூச்சா பூசணும்லா. இது கூடவே வந்தது. ஸ்கிராப்புல கெடந்துச்சு. தூக்கிப் போடப் போனாங்க.”

பழைய அடுப்பு ஒன்றின் மேல் கண்ணாடி. கன்னங்கரேலென்று, முகம் தெரிகிற பளபளப்பில். ஸ்கிராப்பில் கிடந்தது என்னவோ நிஜம். விளிம்பு கையைக் கிழிக்காமலிருக்க அவள் இரண்டு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எமரித் தாளைப் போட்டுத் தேய்த்ததைச் சொல்லவில்லை. ஜம்புநாதன் கட்டிலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, பால்கனிக் கதவோரம் தரையில் அதை வைத்தாள்.

“அடுப்புக்குச் சாக்பீஸ். அந்தக் கோலம் உங்களுக்கு. இதுல அரிசி மாவு போடுங்க. இது அதுகளுக்கு. செக்ரெட்டரி கேட்டா, அடுப்புக் கண்ணாடி, ரிப்பேருக்குக் காயுதுன்னு சொல்லுங்க.”

மங்கையர்க்கரசி கண்ணாடியைப் பார்த்தாள், பவுனைப் பார்த்தாள். உள்ளே போய் மாவு டப்பாவோடு வந்து உட்கார்ந்தாள். கறுப்புக் கண்ணாடியில் வெள்ளை இழைகள் விழுந்தன. நாலு இழை என்று சொன்னவள் நாற்பது இழை போட்டாள்.

“அரிசி…” என்றார் ஜம்புநாதன்.

“என்ன, மாவு போதலியா?”

புஸ்… டக். “இல்ல. அரசி. நல்லா இருக்கு.”

ஏப்ரல் போனது. எந்தச் சனிக்கிழமையும் போன் வரவில்லை. சனிக்கிழமை காலைகளில் பவுன் போனைத் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டு, அது அடிக்காததற்கும் அதை முறைத்தாள்.

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை அடித்தது.

“பவுனு, ஈ வருதுடி.”

அவள் எழுந்தே நின்றுவிட்டாள். “மறுபடியுமா? எத்தன? மூணா?”

“மூணா? பத்துப் பதினஞ்சு இருக்கும்.”

“பதினஞ்சா? அப்படி ஒரு நம்பரே கெடயாதே! எப்பருந்து வருது? அடுப்ப ஆஃப் பண்ணுங்க மொதல்ல. கேஸ் கீஸ் எதுவும் கொண்டாந்துறாதீங்க, நான் இந்தா…”

“அடுப்பு எங்கேர்ந்து வந்துது நடுவுல? ஈடி, ஈ! பறக்கற ஈ! ரத்னகிரிலேர்ந்து ரோஹிணி ஒரு பெட்டி மாம்பழம் கொண்டாந்து குடுத்தா. வீடெல்லாம் வாசம், ஒரே ஈ. அவருக்கு ரெண்டு துண்டுக்கு மேல குடுக்கக் கூடாது. நான் ஒருத்தி எத்தனை திங்கறது? வரியா, இல்ல வேற மெக்கானிக்கக் கூப்பிடவா?”

பவுன் மெதுவாக உட்கார்ந்தாள். எதிரே தாப்கீர் என்ன என்பதுபோல் பார்த்தார்.

“கம்ப்ளைன்ட்டு” என்றாள் அவள், டூல் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு. “ஈ.”